எது குறைவோ, அது

1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செத்துப்போன தொழிலாளிக்கு ஒரு விலை போட்டது. வேலை செய்யும் இடத்தில் விபத்தில் ஒருவர் இறந்தால், அவரை நம்பி இருந்தவர்களுக்கு முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய். இரண்டில் எது குறைவோ, அது. இறந்தவர் சிறார் என்றால் 200 ரூபாய்.

இந்தச் சட்டத்துக்குத் தாய்ச் சட்டம் 1897இல் லண்டனில் போடப்பட்டது. அதிலும் இதே மாதிரி ஒரு வாக்கியம் உண்டு. மூன்று வருடச் சம்பளம் அல்லது 150 பவுண்டு, இரண்டில் எது அதிகமோ அது. 300 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு மட்டும் வைத்தார்கள். அந்த வாக்கியம் கப்பலேறி இந்தியா வந்து சேருவதற்குள் ‘அதிகமோ’ என்பது ‘குறைவோ’ என்று ஆகிவிட்டது.

அதே சொல் திரும்ப ‘அதிகமோ’ ஆனது 1984இல். அறுபத்தோரு வருடம். நடுவில் சுதந்திரம் வந்தது, தொழிற்பேட்டைகள் வந்தன, இன்சூரன்ஸ் கம்பெனிகள் அரசுடைமை ஆயின. ஒரு தொழிலாளியின் சாவுக்கான பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, நடுவில் யார் யார் நிற்கிறார்கள் என்பதன் வரலாறு இந்தச் சொற்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. நான் அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் தெருவில் நடந்த ஒரு சாவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

எங்கள் ஊர் நெமிலிச்சேரி. குரோம்பேட்டைப் பக்கம் இன்னொரு நெமிலிச்சேரி இருக்கிறது, அது இல்லை. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் மின்சார ரயில் ஒரு நிமிடம் நின்று போகுமே, அந்த ஊர். வண்டலூரில் கிளம்பி மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலை, நாங்கள் நானூறடி ரோடு என்று சொல்வது, இங்கேதான் ரயில் பாதையைத் தாண்டுகிறது.

இந்த ரயில் பாதை சாதாரணப் பாதை இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு இந்த வழியாகத்தான் போனது. அதற்கு முந்தைய வருடம், 1855இல், உயிர்ச்சேத விபத்துச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. ஒருவருடைய தவறால் இன்னொருவர் செத்தால், செத்தவரின் குடும்பம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு முதலாளியுடையதுதான் என்று குடும்பம் நிரூபிக்க வேண்டும். போதாததற்கு, 1837இல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் வேலையாள் போட்ட வழக்கிலிருந்து பிறந்த ஒரு கோட்பாடு இருந்தது. கூட வேலை செய்கிற இன்னொரு தொழிலாளியின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை. அந்த ஆபத்துக்கெல்லாம் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தாய் என்பது அதன் வாதம். தண்டவாளம் தூக்கிப்போட்ட கூலிக்காரரின் மனைவி இந்த மாதிரி வழக்கை எந்த நீதிமன்றத்தில், எந்தக் காசில் நடத்தியிருக்க முடியும்?

1923 சட்டத்தின் புரட்சி இதில்தான் இருக்கிறது. தொகை குறைவுதான். ஆனால் தவறு யாருடையது என்ற கேள்வியையே அது தூக்கி எறிந்தது. வேலையின் காரணமாக, வேலையின் போது விபத்து நடந்ததா? நடந்தது என்றால் முதலாளி பணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1923 மார்ச் 5. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1924 ஜூலை 1.

*

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு எட்டாவது பிரிவு. இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி நேராகக் குடும்பத்தின் கையில் கொடுக்கக் கூடாது. இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். கையில் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் சேராது. ஈமச் செலவு போன்ற உடனடித் தேவைக்கு முன்பணமாக ஒரு சிறு தொகை தரலாம், இன்றைக்கு அது மூன்று மாதச் சம்பளம் வரை.

இது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. முதலாளியின் ஆள் ஒரு கவரோடு வருகிறார். வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து, இல்லை ஒரு பெருவிரல் ரேகை. ‘எல்லாம் செட்டில் ஆச்சு’. இந்தக் காட்சி நடக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பதினேழாவது பிரிவும் சொல்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தில் நான் தேடியது வேறு. காப்பீட்டு நிறுவனம் எங்கே வருகிறது? ஏறக்குறைய வரவே இல்லை. பதினான்காவது பிரிவில், முதலாளி திவாலானால் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் அவருக்கு இருந்த உரிமை தொழிலாளிக்கு மாறும் என்று சொல்லும் இடத்தில் தலைகாட்டுகிறது. முதலாளி காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் இரண்டே பேர்தான்: முதலாளி, தொழிலாளி. நடைமுறையில் ஆணையர் முன்னால் நின்று வாதாடுவதோ மூன்றாவது ஆள்.

அந்த மூன்றாவது ஆள் எப்படி உள்ளே வந்தார்? முதலாளிக்கு ஒரு பயம். எப்போது யார் சாவார் என்று தெரியாது, செத்தால் ஒரே நேரத்தில் பெரிய தொகை கட்ட வேண்டும். அந்தப் பயத்தைச் சிறு சிறு பிரீமியமாக மாற்றிக் கொடுக்கிற வியாபாரம் இது. ஆண்டுத் தொடக்கத்தில் முதலாளி தன்னிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்னென்ன வேலை, வருடத்துக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார். வேலையின் ஆபத்தைப் பொறுத்து, சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று பிரீமியம். கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு விகிதம், வெல்டருக்கு ஒரு விகிதம், உயரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு இன்னொரு விகிதம்.

இதில் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று புரிந்திருக்கும். பிரீமியத்தைக் குறைக்க முதலாளி ஆளையும் சம்பளத்தையும் குறைத்து எழுதுவார். வருடம் முழுக்க அந்தப் பொய்யை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒருவர் செத்த அன்றுதான் அந்தத் தாள் வெளியே எடுக்கப்படும்.

*

இப்போது எங்கள் தெருச் சாவு.

எதிர்வீட்டு அக்காவின் கணவர் நானூறடி ரோட்டுப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வெல்டர். மொத்தம் ஏழு பேர் வேலை செய்கிற இடம். 2018 மழைக்காலத்தில் ஒருநாள் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகுகிறது என்று மேலே ஏறி ஷீட்டை மாற்றச் சொன்னார்கள். ஷீட் உடைந்து உள்ளே விழுந்தார். வயது 37. கையில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் 18,000. பதிவேட்டில் 9,000.

காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்று பதிவானது. ‘கால் தவறி விழுந்தார்’ என்பது அதன் வாசகம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஷெட்காரர் வந்தார். “அஞ்சு லட்சம் கையில தர்றேம்மா. கேஸு கோர்ட்டுன்னு அலையாதீங்க” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அழுதார். அந்த ஐந்து லட்சமும் கடன் வாங்கித்தான் தந்திருப்பார் என்று நினைக்கிறேன். அக்கா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீ இங்கிலீஷு படிச்ச புள்ள. இதுல என்னா எழுதியிருக்குன்னு பாருப்பா” என்று அவர் நீட்டிய முத்திரைத் தாளைக் கொடுத்தது. அன்றைக்கு ராத்திரிதான் எட்டாவது பிரிவை முதல்முறையாகப் படித்தேன்.

மனு போட்டோம். ஷெட்காரர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி எடுத்திருந்தார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். சில வாரம் கழித்து அந்தக் கம்பெனியின் சார்பில் விசாரணைக்கு ஒருவர் வந்தார். பைக்கில், தோளில் ஒரு பை. ரொம்ப மரியாதையாகப் பேசினார். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணனுக்கு சுகர் இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சுங்க. மாத்திரை சாப்புடுவாரு.”

“தலைசுத்தல், மயக்கம், அப்புடி எதாச்சும்?”

“சாப்புடாம வெயில்ல நின்னா எப்பயாச்சும் கிர்ருன்னு வருதும்பாரு. யாருக்குத்தான் வராது?”

ஆணையர் முன்னால் தாக்கலான எதிர்வாதத்தில் இது இப்படி வந்தது: இறந்தவர் நீண்டகாலமாக நீரிழிவு நோயாலும் அடிக்கடி ஏற்படும் மயக்கத்தாலும் பாதிக்கப்பட்டிருந்ததை மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார், மரணம் நோயால் நேர்ந்ததே தவிர வேலையால் அல்ல.

‘யாருக்குத்தான் வராது’ என்கிற இரண்டு சொல் அந்த எழுத்தில் இல்லை. பேச்சுத் தமிழிலிருந்து சட்ட ஆங்கிலத்துக்குப் போகிற வழியில் அது மட்டும் உதிர்ந்துவிட்டது.

எதிர்வாதத்தின் மற்ற பத்திகளும் முக்கியமானவை. இவர் இந்த ஷெட்டின் தொழிலாளி என்பதை மறுக்கிறோம். வயதை மறுக்கிறோம். சம்பளத்தை மறுக்கிறோம். பாலிசியில் உள்ளது வெல்டர், கூரை வேலை இல்லை. ஒவ்வொன்றையும் மனுதாரர் கறாராக நிரூபிக்க வேண்டும். இதைப் படித்து அக்கா கொதித்துப்போனது. “அவரு அங்க வேலையே செய்யலைன்றானா? அப்ப பன்னெண்டு வருசமா காலையில டிபன் பாக்ஸ எடுத்துக்கினு எங்கதான் போனாரு?” பிறகு வேறு வழக்குகளின் தாள்களையும் பார்த்தபோதுதான் புரிந்தது, இந்தப் பத்திகளுக்கும் எங்கள் தெருவுக்கும் சம்பந்தமே இல்லை. பெயரையும் தேதியையும் மாற்றினால் எந்த வழக்குக்கும் பொருந்தும் அச்சு அது.

*

அந்த அச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ‘வேலையின் காரணமாக, வேலையின் போது’ என்பதைச் சுற்றி நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது.

1905இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கப்பலில் நிலக்கரி இறக்கும் வேலையில், திறந்திருந்த அடித்தளத்தின் விளிம்பில் நின்ற ஒரு தொழிலாளிக்கு வலிப்பு வந்தது. உள்ளே விழுந்தார். வலிப்பு அவருடைய நோய்தானே என்றது எதிர்த் தரப்பு. வலிப்பு அவருடையதுதான், ஆனால் அந்த விளிம்பில் அவரை நிறுத்தியது வேலை என்றது நீதிமன்றம். எங்கள் வழக்கறிஞர் ஆணையரிடம் எடுத்து நீட்டியது இந்தத் தர்க்கத்தைத்தான். மயக்கமே வந்திருந்தாலும், தரையில் நின்றிருந்தால் உட்கார்ந்து எழுந்திருப்பார். கூரை மேல் ஏற்றியது யார்?

எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. 1961இல் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு கடலோடி காணாமல் போனார். கடலில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மக்கின்னன் மெக்கென்ஸி கம்பெனிக்கு எதிரான அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இல் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேலைக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும் பொறுப்பு கேட்கிறவருடையது. சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம், ஆனால் ஊகிக்கவாவது ஏதாவது இருக்க வேண்டும் என்றது. காப்பீட்டுத் தரப்பின் வாதங்களில் இந்தத் தீர்ப்பு இன்றைக்கும் சுற்றி வருகிறது. இன்னொரு பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிக்கொண்டு வந்து, உடம்பு முடியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறந்த ஓட்டுநரின் வழக்கில், அந்த ஓட்டமே சாவுக்குக் காரணம்தான் என்று 2012இல் அதே நீதிமன்றம் சொன்னது.

வேலைக்குப் போகிற வழியில் செத்தால்? 2003இல் மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, விடியற்கால ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். ஆணையர் இழப்பீடு கொடுத்தார். ஓரியண்டல் இன்சூரன்ஸ் மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை ரத்து செய்தது. 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அந்த இழப்பீட்டைத் திருப்பிக் கொடுத்தது. தொகை மூன்றேகால் லட்சம் சொச்சம். காத்திருந்தது இருபத்திரண்டு வருடம்.

*

இந்த இருபத்திரண்டு வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இழுத்தடிப்பது யாருக்கு லாபம்?

1959இல் சட்டத்தில் ஒரு முள் செருகினார்கள். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் அபராதம் 50 சதவீதம் வரை. முதலில் 6 சதவீதமாக இருந்த வட்டி, 1995இல் 12 ஆனது. தாமதம் செய்தால் குத்த வேண்டும், அதுதான் முள்ளின் நோக்கம்.

அந்த வட்டி எந்த நாளிலிருந்து? 1975இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு ஒன்று இதற்கு வழி காட்டியது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகையில் வேலை செய்து விழுந்து கையை இழந்த தச்சரின் வழக்கு அது. அடிபட்ட அந்த நொடியிலேயே முதலாளி கடன்பட்டுவிட்டார், ஆணையர் உத்தரவு போடும் நாளில் அல்ல என்றார்கள். ஆனால் 2000களில் வந்த சிறிய அமர்வுகளின் தீர்ப்புகள் சில, உத்தரவு நாளிலிருந்துதான் வட்டி என்றன. காப்பீட்டுக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2012இல்தான், நான்கு பேர் சொன்னதே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதற்குள் முள்ளைப் பிடுங்க இன்னொரு வழி கிடைத்துவிட்டது. பாலிசியிலேயே ‘வட்டியும் அபராதமும் எங்கள் பொறுப்பில்லை’ என்று ஒரு வரி. அது செல்லுமா? 2006இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இந்தக் காப்பீடு சட்டப்படி கட்டாயம் இல்லை. இருவர் விரும்பிச் செய்துகொள்கிற ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

வாகனக் காப்பீடு கட்டாயம் என்பதால் அங்கே கதை வேறு. 1997இல், வேலையில் இறந்த ஓட்டுநரின் இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனமே தர வேண்டும், அபராதம் மட்டும்தான் வண்டி முதலாளியின் தலையில் என்று தீர்ப்பானது. ஆக, எங்கள் தெருவில் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவிக்குக் கம்பெனியிடமிருந்து வட்டி கிடைக்கும். எதிர்வீட்டு வெல்டரின் மனைவிக்குக் கிடைக்காது. ஒரே சட்டம், ஒரே வட்டி விகிதம்.

அக்காவின் வழக்கில் 2021இல் உத்தரவு வந்தது. இழப்பீடு 7,68,560 ரூபாய். கம்பெனி அதைக் கட்டியது. வட்டி கிட்டத்தட்ட 2,76,000, அது ஷெட்காரர் பொறுப்பு. இழுத்தடித்தது யாரோ, வட்டி கட்ட வேண்டியவர் வேறு யாரோ. ஷெட்காரரோ கொரோனாவில் ஷெட்டை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்துக்குக் காகிதமும் போனது. வாடகை ஷெட்டில் ஜப்தி செய்ய என்ன இருக்கும்? அந்த வட்டி இன்றுவரை வரவில்லை.

*

7,68,560 எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சம்பளத்தில் பாதி, பெருக்கல் வயதுக்கேற்ற ஓர் எண். நான்காவது அட்டவணையில் 16 வயதுக்கு 228.54இல் ஆரம்பித்து, 30க்கு 207.98, 50க்கு 153.09 என்று இறங்கிக்கொண்டே வந்து 65 வயதுக்கு 99.37இல் முடிகிற எண்கள். 37 வயதுக்கு 192.14. பாதிச் சம்பளத்தைப் பதினாறு வருடத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதாக அர்த்தம்.

அவர் சம்பளம் 18,000 என்று நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. கூட வேலை செய்தவர்களைத் தேடி காக்களூர் வரை போனோம். கடைசியில் அது தேவையே இல்லாத வேலை. 18,000 ஆகட்டும், பதிவேட்டின் பொய்யான 9,000 ஆகட்டும், சட்டம் அதை 8,000 என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் உச்சவரம்பு. 1984இல் 1,000, 1995இல் 2,000, 2000இல் 4,000, 2010இல் 8,000. 2020 ஜனவரி 3 அன்று அது 15,000 ஆனது. விபத்து நடந்த நாளில் இருந்த வரம்புதான் கணக்கு. ஒன்றேகால் வருடம் கழித்துச் செத்திருந்தால் அதே மனிதருக்கு 14,41,050. உண்மைச் சம்பளத்தை அப்படியே எடுத்திருந்தால் 17,29,260.

‘எது குறைவோ, அது’ 1984இல் போய்விட்டது என்று மேலே எழுதினேன். சட்டத்தின் எழுத்திலிருந்து போனது உண்மை. பழைய சட்டத்தின் கடைசி வடிவில் 1,20,000 ரூபாய்க்குக் குறையாமல், எது அதிகமோ அது என்றுதான் இருந்தது. ஆனால் உண்மைச் சம்பளம், உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதைத்தானே பெருக்குகிறார்கள்? வாசல் வழியாக அனுப்பிய சொல், அட்டவணை வழியாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

*

இதற்கெல்லாம் மாற்று இல்லையா? இருந்தது. பிரிட்டனில் 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை இந்த இழப்பீட்டு முறையின் சண்டைகளையும் செலவுகளையும் பார்த்து, இது இனி வேண்டாம் என்றது. 1948இல் காப்பீட்டுக் கம்பெனிகளை வெளியே அனுப்பிவிட்டு, வேலை விபத்தை அரசின் சமூகக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவும் பின்தங்கவில்லை. 1944இல் அதார்க்கர் அறிக்கை, 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடக்கம். இ.எஸ்.ஐ.யில் இறப்புக்கு மொத்தத் தொகை கிடையாது. சம்பளத்தில் 90 சதவீதம் என்ற கணக்கில் மாதாமாதம் குடும்பத்துக்கு வரும், அதை மனைவி, குழந்தைகள், தாய் என்று பங்கு பிரிப்பார்கள். தனியார் கம்பெனியோடு சண்டை இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தலைமுறை அந்த நிழலில் வளர்ந்தது. எங்கள் பெரியப்பாக்கள் இ.எஸ்.ஐ. அட்டையை ரேஷன் அட்டையோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஆனால் அந்த நிழலுக்கு எல்லை உண்டு. பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். சம்பளம் 21,000க்குள் இருக்க வேண்டும். ஏழு பேர் ஷெட்டுக்கு அது இல்லை. பெரிய ஆலைகள் வேலையைத் துண்டு துண்டாக உடைத்துச் சின்ன ஷெட்டுகளுக்கும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் தள்ளத் தள்ள, தொழிலாளிகள் அந்த நிழலிலிருந்து நழுவி 1923இன் வெயிலில் வந்து நின்றார்கள். இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவருக்கு வேறு இழப்பீடு கிடையாது என்று அந்தச் சட்டத்தின் 53ஆவது பிரிவு சொல்வதால், ‘இவர் அங்கே போக வேண்டியவர், இங்கே வரக் கூடாது’ என்பதும் காப்பீட்டுத் தரப்புக்கு ஒரு வாதமாகக் கிடைத்தது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1923 சட்டம், நூற்றிரண்டு வயதில், அதற்குள் ஓர் அத்தியாயமாகக் கரைந்துவிட்டது. வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் காவலாளியின் குடும்பம் காத்திருந்த மாதிரி இனி ஒரு குடும்பம் காத்திருக்கத் தேவையில்லை என்று நம்பலாம்.

பழைய சட்டத்திலிருந்து ஒரு பிரிவைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். பத்து-ஏ. வேலையில் ஒருவர் இறந்ததாக எந்த வழியில் தகவல் கிடைத்தாலும், ஆணையர் தாமே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி முப்பது நாளில் பதில் கேட்கலாம். குடும்பம் மனு போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய சட்டத்திலும் இந்த அதிகாரம் தொடர்கிறது.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அசாம்காரர்கள். அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு அம்மா, மொழி தெரியாத ஊரின் ஆணையர் அலுவலகத்துக்கு, இரண்டு வருடக் கெடு முடிவதற்குள் எப்படி வந்து மனு போடுவார்? பெரிய விபத்துகளுக்காவது கேமரா வருகிறது. நானூறடி ரோட்டின் கிடங்கில் ஒற்றை ஆளாகச் செத்தவரின் செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி. காலையில் நாளிதழைப் புரட்டுகிறபோது நான் இப்போது அந்த நான்கு வரியைத்தான் முதலில் தேடுகிறேன். பெயர், வயது, மாநிலம், எங்கே வேலை செய்தார். ஒரு நோட்டீஸ் அனுப்ப அது போதும். எந்த வழியில் தகவல் கிடைத்தாலும் சரி என்றுதான் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஒரு அஞ்சலட்டையும் தகவல்தான்.